சேறு சொல்லட்டும்

காலையிலிருந்தே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதுதான் சரியாகப் படவில்லை. பல் தேய்க்கும்போதே இருந்தது, சட்டைக்குப் பொத்தான் போடும்போதும் இருந்தது, இப்போது கோயிலை ஒட்டிய மறைக்கல்வி வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சுக்குள் யாரோ மெதுவாகக் கொட்டடிக்கிற மாதிரி இருக்கிறது. சந்தோஷத்துக்கு ஒரு காரணம் வேண்டும். கோபத்துக்கு நான் காரணம் தேடுவதில்லை, அது எப்போதும் என் கையிருப்பில் இருக்கும். இன்றைக்கு நான் ஜெயிக்கப்போகிறேன், அதனால் இருக்கும் என்று காலையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னால் மேசை, மேசைமேல் பொடியைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக் கருவி, பக்கத்தில் ஹெப்சி டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை, கடலடிச் சேற்றைப் படிக்கிற டாக்டர். எங்கள் கடலிலிருந்து குழாயில் சேறு எடுத்துப்போய் மாதக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று எங்களிடமே சொல்ல இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறாள். முதலில் எல்லாரும் வரிசையாக வந்து கண்ணாடியில் பாருங்கள், பிறகு சொல்கிறேன் என்கிறாள். வரிசையில் ஏழெட்டுப் பேர், கடைசியில் என் மச்சான் கஸ்பார். என் பெண்டாட்டி ரெஜினாவின் கூடப்பிறந்தவன். அவனோடு எனக்குப் பேச்சில்லை. கல்யாணமாகி வெகுவருஷம் கழித்து மகள் பிரின்சி பிறந்து தவழ்ந்த காலத்தில் நின்ற பேச்சு, இப்போது அவளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கத்தில் பெண்ணைக் கைப்பிடித்துக் கோயில் நடைவரைக்கும் கூட்டிவருவது தாய்மாமன். மாமா வந்தாத்தான் நான் வாசல் தாண்டுவேன் என்று பிரின்சி சொல்லிவிட்டாள். அவன் வர மாட்டான், நான் கூப்பிட மாட்டேன். இந்த முடிச்சு விழுந்து கிடந்த நேரத்தில்தான் டாக்டர் வந்து, இந்தக் கடல் எப்போதெல்லாம் மூச்சு முட்டியது என்று சேற்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றாள். நான் வலைக்கொட்டகையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன்: சேறு சொல்லட்டும். அன்னைக்கு மீன் செத்ததுக்குக் காரணம் கஸ்பார் இல்லைன்னு சேறு சொன்னா, நானே அவன் வீடு தேடிப் போய்க் கையைப் பிடிச்சுக் கூப்பிடுதேன். அவன்தான்னு சொன்னா, அவன் வந்து என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கட்டும். சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சந்தேகம் எப்படி இருக்கும். நான் கண்ணால் பார்த்தவன். அன்றைக்கு விடியும்போது கடல் பச்சைப்பாசி கலக்கிய மாதிரி கிடந்தது, அலையே இல்லை, வாடை மட்டும் அடித்தது. கரையோரமாக நண்டுகள் தண்ணீரைவிட்டு ஏறி வலைக்கயிற்றில் தொங்கின. விலாங்கு மணலுக்கு வந்து படுத்துக்கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன, பேச வந்து வார்த்தை மறந்தவர்கள் மாதிரி. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பார்த்தேன். என் நண்டுவலை முழுக்கச் செத்தது, ஊரில் எல்லார் வலையும் செத்தது. தெற்கே கழிமுகத்தில் கஸ்பார் புதிதாக இறால் பண்ணை போட்ட வருஷம் அது. பண்ணைத் தண்ணீரைக் கடலில் திறந்துவிட்டான், கடல் செத்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டு. நேரே போய்க் கேட்டேன். அவன் சிரித்தான். இல்லை, முதலில் சிரிக்கவில்லை. முதலில், கடலுக்கு அப்பப்ப மூச்சு முட்டும் மச்சான், எங்க அப்பா காலத்துலயும் முட்டிச்சாம் என்றான். உங்க அப்பன் சொன்னதெல்லாம் வேதமாலே என்றேன். அப்போதுதான் சிரித்தான். அதைக்கூட மறந்திருப்பேன். அன்று சாயங்காலம் அவன் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறைய இறால் குழம்பு வந்தது. என் நண்டெல்லாம் செத்த நாளில், அவன் பண்ணை இறால், தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு. இதை எந்த மனிதன் அனுப்புவான். பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டாம் என்று அனுப்பினானா, என்னுடையது உயிரோடு இருக்கிறது பார் என்று அனுப்பினானா. இத்தனை வருஷமாக இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன். தினமும் காலையில் தேநீர் ஆறும்வரைக்கும் அந்தத் தூக்குச்சட்டி என் முன்னால் வந்து உட்காரும். குழம்பைக் கோழிக்குக் கொட்டினேன். கொட்டும்போது வாசனை மூக்கில் ஏறியது, நாக்கில் எச்சில் ஊறியது. அந்த எச்சிலுக்காகவும் அவனை மன்னிக்கவில்லை.

வேறு ஆட்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. என் சட்டையின் இடது கையைக் குட்டையாகத் தைத்த தையல்காரன் இருக்கிறான். பூசையில் நன்றி சொல்லும்போது செல்வேஸ்தர் என்ற என் பேரைச் சொல்லாமல் விட்ட பழைய சாமியார் இருக்கிறார், அவர் செத்தும் போனார், நான் விடவில்லை. ஆனால் அதெல்லாம் தொட்டுக்கொள்ள. கஸ்பார்தான் சோறு. பேச்சில்லை என்றாலும் ஒரே ஊர், ஒரே கரை, வேலை நடக்க வேண்டுமே. அதற்கு எங்கள் கரையில் ஒரு வழி உண்டு. பேச்சில்லாத இரண்டு பேர் ஒரே வள்ளத்தில் போனால், நடுவில் கிடக்கிற ஏதாவது ஒரு பொருளிடம் பேசுவார்கள். நங்கூரத்திடம், தண்ணிக்குடத்திடம், எது கிடைக்கிறதோ அதனிடம். டாக்டருக்குச் சேறு எடுக்கப் போன அன்று எங்களுக்குக் கிடைத்தது அவளுடைய குழாய். என் வள்ளத்தைத்தான் அவள் வாடகைக்குப் பேசியிருந்தாள். கிளம்புகிற நேரத்தில் கஸ்பார் வந்து ஏறினான். எதுக்கு வாரார்னு கேளு குழாயே என்றேன். பண்ணை வாசல்ல போயிச் சேறு அள்ளிட்டு நடுக்கடல்ல அள்ளுனேம்னு சொல்லக்கூடாதுல்லா, அதுக்குத்தான்னு சொல்லு குழாயே என்றான். டாக்டர் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் குழாயைப் பார்த்தாள். மடை என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பள்ளத்துக்கு மேலே வந்ததும், நங்கூரம் போடச் சொல்லு குழாயே என்றேன். போட்டு எவ்வளவு நேரமாச்சு, கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடச் சொல்லு குழாயே என்றான். அண்ணாச்சி, இது வெறும் பிளாஸ்டிக் குழாய்தான் என்றாள் டாக்டர், பாவம், நாங்கள் ஏதோ வேண்டுதல் செய்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ. குழாய் இறங்கியது, சேறு பிடித்தது, மேலே வர மறுத்தது. இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தோம். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. அவனுக்கு வயதாகிவிட்டது, ஓர் இழுப்புக்கு ஓர் இருமல். இழுக்கச் சொல்லு குழாயே என்று நான் சொல்லும்போது குழாய் தண்ணீருக்கு அடியில் இருந்தது. அது எங்கே கேட்கும். அப்படியென்றால் யாரிடம் சொன்னேன். இந்த இடம் முள்ளாகக் குத்துகிறது, இதை விட்டுவிட்டு வேறு நினைக்க வேண்டும்.

ஜன்னல் வழியாக வெயில் வந்து மேசையில் விழுகிறது. கோயில் புறாக்கள் கத்துகின்றன. தேநீர் கொடுத்தார்கள், இஞ்சி போட்ட நல்ல தேநீர், அதில்கூடக் குறை சொல்லத் தோன்றவில்லை, எனக்கு என்ன ஆயிற்று. டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். கடலடிச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு, ஆனாலும் தனக்கென்று ஓடு கட்டிக்கொள்கிறது. ஃபொராமினிஃபெரா என்று பேர் சொன்னாள், என் வாய்க்கு அது அடங்கவில்லை, பொடிச்சிப்பி என்று வைத்துக்கொண்டேன். கடலடியில் காற்று நிறையக் கரைந்திருந்தால் தடித்த ஓட்டுக்காரன்கள், உருண்டு திரண்டவன்கள் வாழ்வார்கள். காற்று குறைந்தால் அவர்கள் போய்விடுவார்கள். மெலிந்தவன்கள், தட்டையானவன்கள், ஓடு முழுக்க ஓட்டை வைத்தவன்கள் பெருகுவார்கள். செத்ததும் ஓடு அப்படியே சேற்றில் தங்கும், அதன்மேல் அடுத்த வருஷச் சேறு, அதன்மேல் அடுத்தது. மேலே இருப்பது இப்போது, கீழே போகப்போக முன்னோர் காலம். எந்தச் சேறு எந்தக் காலத்தது என்று பார்க்க வேறு வழி வைத்திருக்கிறாள். ஆக, கடல் எதையும் மறப்பதில்லை. இதைக் கேட்டபோது எனக்குக் கடல்மேல் பெரிய மரியாதை வந்தது, என் சாதி அது. நடந்ததை நடந்த வரிசையில் அடுக்கி, மேலே சேறு போட்டு, குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. ஆனால் ஒன்று. கடல் வைத்திருக்கிறது, அதற்காக யாரிடமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இதுவும் குத்துகிறது. சரி, நான் ஜெயித்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கஸ்பார் இத்தனை பேர் முன்னால் வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். பிடிக்க மாட்டான், அவன் உடம்பில் ஓடுவது ரெஜினா வீட்டு ரத்தம், ஒடிந்தாலும் வளையாது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கல்யாணத்தன்று பிரின்சி வெள்ளைச் சேலையில் வாசலில் நிற்பாள், தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், மேளக்காரர்கள் வாசித்து வாசித்து ஓய்வார்கள், ரெஜினா என்னைப் பார்ப்பாள். நான் ஜெயித்திருப்பேன். தோற்றால்? தோற்றால் அவன் வீட்டுக்கு நடந்து போக வேண்டும். அந்தத் தெருவில் இத்தனை வருஷம் கால் வைத்ததில்லை, இப்போது அங்கே சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்களாம். போனபிறகு, மறுநாள் காலையில் தேநீர் ஆறும்வரைக்கும் நான் யாரை நினைப்பது. பண்டிகை முடிந்த பந்தல் மாதிரி மனசு காலியாகிவிடுமே. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள், தோற்றால் என்று நினைக்கும்போதுதான் அந்தக் கொட்டு உரக்க அடிக்கிறது. ஜெயித்தால் என்று நினைத்தால் நின்றுவிடுகிறது. திரும்பவும் நினைத்துப் பார்க்கிறேன். ஜெயித்தால், நிற்கிறது. தோற்றால், அடிக்கிறது. அட நாசமாய்ப் போக, இதற்கா காலையிலிருந்து சந்தோஷமாக இருக்கிறேன். என் நெஞ்சே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நெஞ்சு யார் பக்கம் சொன்னால் என்ன, ஊர் முன்னால் சொன்ன சொல் சேற்றின் பக்கம். சேறு என்னை ஜெயிக்கவைத்துவிட்டால் நான் என்ன செய்வேன். மாதாவே, நான் சொன்னது பொய்யாகப் போகட்டும். இப்படி ஒரு வேண்டுதல் நான் வேண்டியதே இல்லை.

கஸ்பார் முறை வந்துவிட்டது. குனிகிறான். பின்கழுத்தில் தோல் ஆமைக்கு இருப்பது மாதிரி மடிந்திருக்கிறது, மீசைக்குச் சாயம் அடிப்பவன் பின்மண்டையை மறந்துவிட்டான், அங்கே வெள்ளை. ஒன்னும் தெரியலயே டாக்டரம்மா, கருப்பாக் கிடக்கு என்கிறான். கண்ணைத் திறங்க அண்ணாச்சி என்கிறாள். எந்தக் கண்ணை என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டேன், உடனே இருமலாக மாற்றினேன், பக்கத்துப் பெஞ்சில் இருந்த கூட்டாளி ரொசாரியன் பார்த்துவிட்டான், பார்க்கட்டும். கஸ்பார் வெகுநேரம் குனிந்தே நிற்கிறான். ஏதோ உருண்டையா, ஏதோ நீளமா, ஏய் அழகா இருக்கே என்று அவன் தனக்குத்தானே முனகுவது கேட்கிறது. அவன் எப்போதுமே அப்படித்தான், அழகான எதையாவது பார்த்தால் வாய் சும்மா இருக்காது. ரெஜினாவைப் பெண் பார்க்கப் போனபோது எனக்குக் காபி கொண்டுவந்தவன் அவன்தான், அரை டிரவுசர் போட்டுக்கொண்டு, அத்தான் வாட்ச் அழகா இருக்கு, கழட்டிக் குடுங்க என்று கேட்டவன். கழற்றிக் கொடுத்தேன். அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இதை எப்படி என் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். கோபம் வரவேண்டிய இடத்தில் அந்த அரை டிரவுசர்தான் வருகிறது. அவன் நிமிர்ந்து விலகுகிறான், என் பக்கம் பார்க்காமல். என் முறை. எழுந்து போய்க் குனிகிறேன். முதலில் கருப்பு. பிறகு ஏதோ காடு மாதிரி, அது உங்க இமைமயிர்தான் என்கிறாள் டாக்டர். பிறகு, பிறகு வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கடைத்தெருவே கிடக்கிறது, எல்லா அடுக்குச் சேற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறாளாம். சுருண்டது ஒன்று, சின்ன முறுக்கு. நீளமாக மணி கோத்தது ஒன்று. தட்டையாகக் கிடக்கும் ஒன்றின் ஓட்டில் எத்தனை ஓட்டை, இடியாப்ப அச்சு மாதிரி, உடம்பெல்லாம் வாசல் வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்திருக்கிறது. அந்தப் பச்சைக் கடலில், மீன் ஓடிவிட்டது, நண்டு கயிற்றில் ஏறிவிட்டது, இது மட்டும் எங்கேயும் போகாமல் பள்ளத்தில் கிடந்து, கிடைத்த காற்றை எட்டணா எட்டணாவாகச் செலவழித்து வாழ்ந்திருக்கிறது. ரோஸ் நிறத்தில் சிலது தெரிகிறது டாக்டரே என்கிறேன். அதெல்லாம் நாம் சேறு எடுத்த அன்னைக்கு உயிரோட இருந்தது அண்ணாச்சி, உயிர் இருந்தாத்தான் நான் சேத்துல ஊத்துன ரோஸ் சாயத்தைக் குடிக்கும் என்கிறாள். அந்த ரோஸ்காரன்களில் ஒருவன் தடியன், உருண்டை, முதுகில் வரிவரியாக வேலைப்பாடு. அப்படியென்றால் கீழே இப்போது காற்று இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் இப்போது காற்று இருக்கிறது. இந்தப் பொடிப்பயலைப் பார்த்து ஒரு கிழவன் அழுதான் என்று ஊர் சொல்லும், ஆகவே இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருக்கிறேன்.

நான் பெஞ்சுக்குத் திரும்பியதும், சொல்லிருங்க டாக்டரம்மா, ரெண்டு பேருக்கும் வயசாவுது என்கிறான் ரொசாரியன். டாக்டர் எழுந்து நிற்கிறாள். மீன் செத்த காலத்துச் சேத்துல மெலிஞ்ச ஓடு நிறைய இருக்கு என்கிறாள், என் நெஞ்சில் கொட்டு நின்றுவிட்டது. அதுக்கு ரொம்பக் கீழ, பண்ணையே இல்லாத காலத்துச் சேத்துலயும் அதே மெலிஞ்ச ஓடு அதே மாதிரி நிறைய இருக்கு என்கிறாள், கொட்டு திரும்பவும் எழுகிறது. இந்தக் கடல் அதுக்கு முன்னாலயும் பலதடவை மூச்சு முட்டியிருக்கு. கஸ்பார் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்க்கிறான். அவன் அப்பன் சொன்னது சரியாகிவிட்டது, அந்த முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அப்ப கஸ்பாரு பண்ணைக்குப் பங்கே இல்லியா என்று பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள். இல்லைன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், சேறு வருஷங்களாகத்தான் சொல்லும், ஒரு நாள் விடியக்காலையில யாரு என்ன செஞ்சாங்கன்னு அதுக்குத் தெரியாது என்கிறாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது. எனக்குப் புரிகிறது, அவள் பாதியைக் கொடுத்திருக்கிறாள். பாதி போதும் எனக்கு. பாதிக் காரணத்தை வைத்து ஆயுசு முழுக்கச் சண்டை போடத் தெரிந்தவன் நான், சேர்ந்திருக்கலாம் என்ற ஒற்றைச் சொல் போதும், அதில் ஒரு வீடே கட்டிவிடுவேன். ரொசாரியன் சொல்கிறான், பாதிதான தோத்திருக்கான், அப்ப முழுக் கை எதுக்கு, சுண்டுவிரலைப் பிடிச்சுக் கூப்பிடச் சொல்லு. அறையே சிரிக்கிறது. ஆனால் நெஞ்சில் கொட்டு நிற்கவில்லை, எழுந்தேன். பெஞ்சு காலோடு வந்தது, உதறினேன். கஸ்பார் பக்கத்தில் போய் அவன் கையைப் பிடித்தேன், முழுக் கையை, கயிறு தேய்த்துத் தேய்த்து மரத்துப்போன அதே மாதிரிக் கைதான் என்னுடையதும். பிரின்சி கல்யாணத்துக்கு வாவே, நீ கூட்டிட்டு வந்தாத்தான் பிள்ளை வாசல் தாண்டுவாளாம் என்றேன். சொன்னபிறகுதான் தெரிந்தது, நடுவில் எதையும் வைத்துக்கொள்ளாமல் அவன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன். தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி எழுதிக்கொள்ள வேண்டாம். அவன் கண் கலங்கியது மாதிரி இருந்தது. பிறகு கையை உருவிக்கொண்டான்.

இங்க வச்சு இல்ல மச்சான் என்றான். வீடு தேடி வந்து கூப்பிடுதேன்னு நீ சொன்ன. ஊரே கேட்டுச்சு. சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தான். எதற்கு இந்த ஓட்டம் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, நான் போய்ச் சேரும்போது அவன் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்கு. நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன், அவன் போய்ச் சேரட்டும் என்று. கோயில் முற்றத்து வெயில் தலையில் நல்லபடியாக விழுந்தது, கடல் பக்கமிருந்து காற்று வந்தது, நிறையக் காற்று, சட்டைக்குள் புகுந்து முதுகில் புடைத்தது. பின்னால் ரொசாரியனும் பாதி ஊரும் வருவது கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. சிமெண்டுத் தளம் போட்டிருப்பது உண்மைதான், நடக்கச் சுகமாக இருந்தது. தெருவில் பெண்கள் தண்ணிக்குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று பார்த்தார்கள். தூரத்தில் கஸ்பார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய ஓடுவது தெரிந்தது, ஒரு செருப்பு கழன்று வழியிலேயே கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, இத்தனை காலமும் பட்டப்பகலில் அந்தக் கதவைச் சாத்தி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தட்டினேன். உள்ளே நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம், அவன் பெண்டாட்டி என்னங்க இது என்று கேட்கிற சத்தம், சும்மா இரு என்று அவன் அதட்டுகிற சத்தம். இரண்டாவது தடவை தட்டினேன். யாரு என்றான் உள்ளேயிருந்து, மூச்சு வாங்க. நான் யார் என்று தெரியாதா இவனுக்கு. பாதி ஊர் பார்க்க, வெயிலில், கையில் அவன் செருப்போடு என்னை நிறுத்திவைத்துவிட்டு யாரு என்று கேட்கிறான். சாகும்வரைக்கும் இதை நான் மறக்கப்போவதில்லை, நாளைக் காலையில் தேநீர் ஆறும்வரைக்கும் நினைக்க இது போதும். நான்தான்வே, கதவத் திற என்றேன்.